ஓட்டங்களின் கூட்டுத்தொகை: அங்கே வர்த்தகம், இங்கே குற்றம்

- நமது நாடாளுமன்றச் செய்தியாளர் -

புது தில்லி: அமெரிக்காவின் மயாமி நகர மைதானத்தில் 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அடுத்தடுத்த மூன்று இரவுகளில் உலக பேஸ்பால் கிளாசிக் போட்டியின் கடைசி மூன்று ஆட்டங்கள் நடைபெற்றன. முதல் இரவில் அமெரிக்கா 14-2 என்ற கணக்கில் கியூபாவை வீழ்த்தியது. மறுநாள் ஜப்பான் 6-5 என்ற கணக்கில் மெக்ஸிகோவை வென்றது. இறுதி ஆட்டத்தில் ஜப்பான் 3-2 என்ற கணக்கில் அமெரிக்காவைத் தோற்கடித்து மூன்றாவது முறையாகப் பட்டம் பெற்றது. யார் வென்றார்கள் என்பதை ஒதுக்கிவிட்டு, இரு அணிகளும் சேர்ந்து எடுத்த ஓட்டங்களை மட்டும் கூட்டிப் பார்த்தால் கிடைப்பவை 16, 11, 5.

இந்தக் கூட்டுத்தொகையை முன்கூட்டியே சரியாக ஊகிப்பது இப்போது அமெரிக்காவில் ஒரு 'வர்த்தகம்'. 'இந்த ஆட்டத்தில் எட்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஓட்டங்கள் எடுக்கப்படுமா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ பணம் கட்டலாம். இதற்கு அங்கு சூட்டப்பட்டுள்ள பெயர் நிகழ்வு ஒப்பந்தம். இது நடைபெறும் இடத்துக்குப் பெயர் கணிப்புச் சந்தை. கோதுமை, கச்சா எண்ணெய் போன்றவற்றின் முன்பேர வர்த்தகத்தைக் கண்காணிக்கும் மத்திய ஆணையத்தின் குடையின் கீழ் அது இயங்குகிறது.

நம் நாட்டில் கிரிக்கெட் ஓட்டங்கள் குறித்து ஏறத்தாழ இதே கேள்வியைப் பத்து ரூபாய்க்குக் கேட்டுவந்த நிறுவனங்கள், 2025-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டத்தைத் தொடர்ந்து சில நாள்களிலேயே பண ஆட்டத்தை நிறுத்திக்கொண்டன. ஒரே செயல், ஒரு குடியரசில் நிதிச் சந்தை, மற்றொன்றில் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். எது சரி என்பதில் இரு கருத்துகள் இருக்கலாம். ஆனால், இரு நாடுகளிலும் இதை முடிவு செய்தவர்கள் யார், எவ்வளவு நேரம் யோசித்து முடிவு செய்தார்கள் என்பதைப் பார்க்கும்போதுதான் கவலை ஏற்படுகிறது.

ஒரு டாலர் ஒப்பந்தம்

முதலில் ஆட்டம். பேஸ்பாலில் ஓர் அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வோர் இன்னிங்ஸிலும் மூவர் ஆட்டமிழந்தால் மட்டையை எதிரணியிடம் கொடுக்க வேண்டியதுதான். எனவே, கிரிக்கெட்டைப்போல நூற்றுக்கணக்கில் ஓட்டங்கள் குவிவதில்லை. அமெரிக்காவின் பெரிய லீக் ஆட்டங்களில் இரு அணிகளும் சேர்ந்து எடுப்பது சராசரியாக ஒன்பது ஓட்டங்கள் என்ற அளவில்தான் இருக்கிறது. எண்ணிக்கை சிறியது என்பதால் ஒவ்வோர் ஓட்டமும் விலையைப் புரட்டிப் போடுகிறது.

சந்தையின் கணக்கு எளிமையானது. உதாரணமாக, 'ஆம்' என்பதன் விலை 46 சென்ட் என்றால் 'இல்லை' என்பதன் விலை ஏறத்தாழ 54 சென்ட். இருவர் சேர்ந்து ஒரு டாலரை நடுவில் வைக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் சரியாகச் சொன்னவருக்கு முழு டாலரும் போய்ச் சேரும், மற்றவருக்குப் பூஜ்யம். 46 சென்ட் என்ற விலையை, 'அது நிகழ 46 சதவீத வாய்ப்பு இருப்பதாகச் சந்தை கருதுகிறது' என்று படிக்க வேண்டும். முதல் இன்னிங்ஸிலேயே நான்கு ஓட்டங்கள் விழுந்துவிட்டால் 'ஆம்' விலை மளமளவென உயரும். வாங்கியவர் ஆட்டம் முடியும் வரை காத்திருக்காமல் அப்போதே விற்று வெளியேறலாம். பந்தய நிறுவனத்தில் வாடிக்கையாளருக்கு எதிரே நிறுவனம் நிற்கிறது. இங்கு எதிரே நிற்பவர் மற்றொரு வர்த்தகர், சந்தையை நடத்தும் நிறுவனம் கட்டணத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறது என்பதுதான் இது சூதாட்டம் அல்ல என்று வாதிடுவோரின் முதல் ஆதாரம்.

அந்த 'மற்றொரு வர்த்தகர்' பெரும்பாலும் நம்மைப்போன்ற ஒரு ரசிகர் என்று எண்ணிவிடக் கூடாது. இத்துறையின் முன்னணி நிறுவனமான கால்ஷியில், வால் ஸ்ட்ரீட்டின் பெரும் வர்த்தக நிறுவனங்களுள் ஒன்றான சஸ்குவஹானா 2024-ஆம் ஆண்டிலேயே விலை கொடுத்து வாங்கி விற்கும் பணியில் இறங்கிவிட்டது. பந்து எறிபவரின் களைப்பு, காற்றின் திசை, மைதானத்தின் உயரம் எல்லாம் அவர்களின் கணினியில் எண்களாக இருக்கின்றன. கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் உள்ள டென்வரில் காற்றின் அடர்த்தி குறைவு, பந்து தொலைவில் போய் விழும், ஓட்டங்கள் கூடும். உலக கிளாசிக் போட்டிக்கென்றே சில விசித்திரங்களும் உண்டு. பருவம் தொடங்கும் முன் வீரர்களின் தோள்கள் பாழாகிவிடக் கூடாது என்பதற்காக 2023-ஆம் ஆண்டுப் போட்டியின் முதல் சுற்றில் ஒருவர் 65 பந்துகளுக்கு மேல் எறிய இயலாது என்று வரம்பு இருந்தது. அதே சுற்றில் ஓர் அணி ஏழு இன்னிங்ஸ் முடிவில் பத்து ஓட்டங்கள் முன்னிலை பெற்றால் ஆட்டம் அத்துடன் முடிந்துவிடும். வெற்றியாளரை ஊகிப்பவருக்கு இது ஒரு பொருட்டல்ல. கூட்டுத்தொகையை ஊகிப்பவருக்கோ இதுதான் எல்லாம்.

2023 இறுதி ஆட்டத்தின் கடைசிக் கணத்தை நினைத்துப் பார்க்கலாம். ஜப்பான் 3-2 என முன்னிலை. அமெரிக்காவுக்கு இன்னும் ஒருவர் மட்டுமே மிச்சம். எறிபவர் ஷோஹெய் ஒஹ்தானி, மட்டை பிடித்தவர் மைக் ட்ரவுட். இருவரும் அப்போது ஒரே கிளப் அணியின் சகாக்கள். இரு நாடுகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த அந்தப் பந்தில் ட்ரவுட் ஆட்டமிழந்தார். எட்டு ஓட்டங்களுக்குப் பணம் கட்டிய ஒருவர் அப்போது இருந்திருந்தால், அவருக்கு ஜப்பானும் ஒன்றுதான், அமெரிக்காவும் ஒன்றுதான். ஆட்டம் சமனாகி நீள வேண்டும் என்பது மட்டுமே அவரது வேண்டுதலாக இருந்திருக்கும்.

மோசடிக்கு இடம் கிடைப்பதும் இங்கேதான். அணியைத் தோற்கச் செய்யாமலேயே எண்ணை மாற்ற முடியும். கிளீவ்லாந்து அணியின் எறிவீரர்கள் இமானுவேல் கிளாஸே, லூயிஸ் ஓர்டிஸ் ஆகியோர் மீது 2025-ஆம் ஆண்டு நவம்பரில் நியூயார்க்கில் மத்திய வழக்குரைஞர்கள் குற்றச்சாட்டுப் பதிவு செய்தனர். குறிப்பிட்ட சில பந்துகளை வேண்டுமென்றே தவறாக எறிந்து, பந்தயம் கட்டியவர்கள் நான்கு லட்சம் டாலருக்கு மேல் வெல்ல உதவினார்கள் என்பது குற்றச்சாட்டு. இருவரும் அதை மறுத்துள்ளனர். அந்தப் பந்தயங்கள் கணிப்புச் சந்தையில் அல்ல, உரிமம் பெற்ற பந்தய நிறுவனங்களில் கட்டப்பட்டவை. குற்றச்சாட்டு வெளியான உடனே, ஒற்றைப் பந்தின் மீதான பந்தயத்துக்கு 200 டாலர் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் தென்னாப்பிரிக்க கேப்டன் ஹன்ஸி குரோனியேவின் தொலைபேசி உரையாடலை தில்லி போலீஸார் வெளியிட்டபோது இந்நகரில் ஏற்பட்ட அதிர்ச்சியை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது புதிய கதை அல்ல.

வெங்காயத்துக்குத் தடை, ஓட்டத்துக்கு அனுமதி

விளையாட்டுப் பந்தயத்தை மாநிலங்கள் அனுமதிக்கக் கூடாது என்று 1992-ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. நியூ ஜெர்சி மாநிலம் ஆண்டுக்கணக்கில் போராடி 2018-ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் அந்தச் சட்டத்தை வீழ்த்தியது. மாநில சட்டப்பேரவை என்ன சட்டம் இயற்றலாம், இயற்றக் கூடாது என மத்திய அரசு உத்தரவிட முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். அதன் பிறகு முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட மாநிலங்கள் பந்தயத்துக்குக் கதவு திறந்தன. பெரும்பாலானவை வயது வரம்பை 21 என வைத்தன; நியூயார்க் மாநிலம் கைப்பேசிப் பந்தய வருவாயில் 51 சதவீதத்தை வரியாகப் பிடிக்கிறது. கலிஃபோர்னியா, டெக்ஸாஸ் ஆகிய இரு பெரும் மாநிலங்கள் அனுமதி தரவில்லை.

2025-ஆம் ஆண்டு ஜனவரியில் கால்ஷி விளையாட்டு ஒப்பந்தங்களைத் தொடங்கியது. இதற்காக எந்தச் சட்டமும் திருத்தப்படவில்லை. எந்த அவையிலும் விவாதம் இல்லை. அங்குள்ள விதிப்படி, புதிய ஒப்பந்தம் சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்று சந்தையே தனக்குத்தானே சான்றளித்து, சரக்கு முன்பேர வர்த்தக ஆணையத்திடம் தாக்கல் செய்தால் போதும். ஆணையம் தடுக்காவிட்டால் மறுநாளே வர்த்தகம் தொடங்கலாம். போர், பயங்கரவாதம், படுகொலை, சூது ஆகியவை தொடர்பான ஒப்பந்தங்களைப் பொதுநலன் கருதித் தடை செய்ய 2010-ஆம் ஆண்டின் சட்டம் ஆணையத்துக்கு அதிகாரம் தந்திருக்கிறது. ஆனால், விளையாட்டு விஷயத்தில் ஆணையம் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தவில்லை. ஐவர் இருக்க வேண்டிய அந்த ஆணையத்தில் 2025 செப்டம்பர் தொடக்கத்தில் ஒரே ஒருவர்தான் எஞ்சியிருந்தார். அதிபர் டிரம்ப்பின் மூத்த மகன் அதே ஆண்டில் கால்ஷிக்கும், பின்னர் அதன் போட்டி நிறுவனமான பாலிமார்க்கெட்டுக்கும் ஆலோசகர் ஆனார் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும்.

விளைவு, பந்தயத்துக்கு அனுமதி மறுத்த டெக்ஸாஸில் அமர்ந்துகொண்டு 18 வயது இளைஞர் ஓட்டங்களின் கூட்டுத்தொகை மீது பணம் கட்டலாம் என்றாயிற்று. மாநிலத்துக்குப் பந்தய வரியும் இல்லை. நெவாடா, நியூ ஜெர்சி, மேரிலாந்து ஆகிய மாநிலங்கள் தடுக்க முயன்றபோது கால்ஷி நீதிமன்றம் சென்றது. 2025 ஏப்ரலில் நியூ ஜெர்சி நீதிமன்றம் கால்ஷிக்குச் சாதகமாகவும், ஆகஸ்டில் மேரிலாந்து நீதிமன்றம் எதிராகவும் உத்தரவிட்டன. நெவாடாவில் முதலில் சாதகமாகக் கிடைத்த உத்தரவு நவம்பரில் திரும்பப் பெறப்பட்டது.

முன்பேர வர்த்தகத்துக்கு ஒரு நியாயம் உண்டு. விளைச்சலுக்கு முன்பே விலையை உறுதிசெய்துகொள்ள விவசாயிக்கு அது உதவுகிறது. தேர்தல் முடிவு குறித்த கணிப்புச் சந்தைக்கும்கூட, கருத்துக் கணிப்புக்கு ஒரு மாற்று என்ற வகையில், பயன் சொல்லலாம்; ஐயோவா பல்கலைக்கழகம் 1988 முதல் சிறு தொகைகளில் அதை ஆய்வாகவே நடத்திவருகிறது. ஆனால், மயாமியில் எட்டு ஓட்டங்கள் விழுமா என்பதில் யாருடைய அறுவடைக்குக் காப்பு இருக்கிறது? இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் வெங்காயத்தின் மீது முன்பேர வர்த்தகம் செய்ய 1958 முதல் சட்டப்படி தடை. திரைப்பட வசூலின் மீது 2010 முதல் தடை. 1998-இல் வெங்காய விலையால் ஆட்சி மாறியதைப் பார்த்த தில்லிவாசிகளுக்கு முதலாவது புரியும். வெங்காயத்துக்குக் கிடைக்காத அந்தஸ்து பேஸ்பால் ஓட்டத்துக்கு எப்படிக் கிடைத்தது என்பதுதான் புரியவில்லை.

நியூயார்க்கிலிருந்து வந்த எண்

நமக்கும் இந்த விளையாட்டு புதியதல்ல. கொல்கத்தாவின் படா பஜாரில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மழைச் சூதாட்டம் கொடிகட்டிப் பறந்தது. குறித்த நேரத்துக்குள் கூரையின் நீர்வழியில் தண்ணீர் வழியுமா, வழியாதா என்பதே பந்தயம். 1897-இல் வங்காளத்தில் அதற்கெனத் தனிச் சட்டம் கொண்டுவந்து தடை செய்தார்கள். மும்பையின் 'மட்கா' சூதாட்டம் பிறந்ததோ நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க விலையையும் முடிவு விலையையும் ஊகிப்பதில்தான். அங்கிருந்து எண் வருவது நின்றபோது, பானைக்குள் சீட்டுகளைப் போட்டு எண்ணை எடுக்கத் தொடங்கினார்கள். எண் எங்கிருந்து வருகிறது என்பது பணம் கட்டியவர்களுக்கு ஒரு பொருட்டாக இருக்கவில்லை.

இந்த மரபின் அண்மைய வாரிசுதான் 'ஒப்பினியன் டிரேடிங்' என்ற கருத்து வர்த்தகம். ஹரியாணா மாநிலம் குருகிராமைச் சேர்ந்த புரோபோ போன்ற நிறுவனங்கள் இதை நடத்தின. 'ஆம்', 'இல்லை' இரண்டின் விலையும் சேர்ந்து பத்து ரூபாய். டாலருக்குப் பதில் பத்து ரூபாய் நோட்டு. மற்றபடி இயந்திரம் அதேதான். இவை பங்குச் சந்தைபோலத் தோற்றமளித்தாலும் தங்கள் கட்டுப்பாட்டில் இல்லை, முதலீட்டாளருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது என்று 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் தேதி செபி எச்சரித்தது. ஜூலையில் புரோபோ தொடர்பான இடங்களில் அமலாக்கத் துறை சோதனை நடத்தியது.

ஆகஸ்ட் 20-ஆம் தேதி மத்திய தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் இணையவழி விளையாட்டு மேம்பாடு மற்றும் ஒழுங்காற்று மசோதாவை மக்களவையில் அறிமுகம் செய்தார். அன்றே அது நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவையில் நிறைவேறியது. 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். மூன்றே நாள்கள். பிகார் வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிர திருத்தம் குறித்து விவாதிக்கக் கோரி எதிர்க்கட்சிகள் முழக்கமிட, அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் எல்லாம் முடிந்துபோயிற்று. அந்தக் கூட்டத்தொடரில் மக்களவைக்கு ஒதுக்கப்பட்டிருந்த 120 மணி நேரத்தில் அவை நடைபெற்றது 37 மணி நேரம் மட்டுமே.

சட்டம் கடுமையானது. திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பழைய வேறுபாட்டையே அது துடைத்துவிட்டது. பணம் கட்டி, பணம் வெல்லும் எதிர்பார்ப்பில் விளையாடப்படும் எந்த இணைய ஆட்டமும் தடைக்குரியது. நடத்துவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்வோருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். விளையாடுபவருக்குத் தண்டனை இல்லை; அவர் பாதிக்கப்பட்டவராகவே கருதப்படுகிறார். இது நல்ல அம்சம். இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில் இடம்பெற்றிருந்த ட்ரீம்11 பெயர், ஆசியக் கோப்பைக்கு முன்பே மறைந்தது.

நோக்கத்தைக் குறைகூற முடியாது. 45 கோடி பேர் ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 கோடி ரூபாயை இந்த ஆட்டங்களில் இழப்பதாக அரசு தெரிவித்தது. ஆனால், அவையில் யாராவது ஒருவர் எழுந்து கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. பங்குச் சந்தையின் எதிர்கால, விருப்ப ஒப்பந்தங்களில் 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்கள் இழந்த தொகை 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் அதிகம், பங்கேற்றவர்களில் 93 சதவீதத்தினர் நஷ்டமடைந்தனர் என்று 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் செபியே ஆய்வு வெளியிட்டது. அது வர்த்தகம், வரி கட்டினால் போதும். இது சூதாட்டம், சிறை. கோடு எங்கே கிழிக்கப்படுகிறது, யார் கிழிக்கிறார்கள் என்று கேட்க அன்று மக்களவையில் நேரமும் இல்லை, செவிமடுக்க அமைதியும் இல்லை.

34-ஆவது இனம்

'பந்தயமும் சூதாட்டமும்' என்பது அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 34-ஆவது இனம். இணையத்துக்கு மாநில எல்லை கிடையாது, எனவே நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் தேவை என்பது மத்திய அரசின் வாதம். வாதத்தில் பொருள் இருக்கிறது. ஆனால், தமிழகம் இதே விஷயத்தில் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு அதை அப்படியே விழுங்குவது எளிதல்ல.

2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதிமுக ஆட்சியில் இயற்றப்பட்ட தடைச் சட்டத்தை ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து திமுக அரசு 2022 அக்டோபரில் புதிய மசோதாவை நிறைவேற்றியது. ஆன்லைன் சூதாட்டத்தில் பணத்தை இழந்து தற்கொலை செய்துகொள்வோரின் செய்திகள் வந்துகொண்டிருந்த காலம் அது. ஆளுநர் ஆர்.என். ரவி பல மாதங்கள் வைத்திருந்து, இவ்வாறு சட்டம் இயற்றப் பேரவைக்கு அதிகாரம் இல்லை என்று கூறி 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். பேரவை மீண்டும் நிறைவேற்றிய பிறகு, ஏப்ரல் 10-ஆம் தேதி ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்பதால் அவற்றைத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. பிறகு மாநில அரசு நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை பண ஆட்டங்களுக்குத் தடை, ஆதார் சரிபார்ப்பு என்று விதிகள் வகுத்தது. 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் அவற்றை ஏற்றது.

ஆக, 34-ஆவது இனத்தைக் கையில் வைத்திருந்த மாநிலத்துக்கு நான்கு ஆண்டுகளில் கிடைத்தது ஐந்து மணி நேரத் தடை. அந்த இனம் தன் பட்டியலில் இல்லாத மத்திய அரசு மூன்றே நாள்களில் எல்லாவற்றையும் தடை செய்தது. அமெரிக்காவில் மத்திய ஆணையத்தின் மெளனம் மாநிலங்களின் தடையை உடைக்கிறது. இங்கு மத்திய சட்டம் மாநிலங்களின் சட்டத்தைத் தேவையற்றதாக்குகிறது. திசைதான் வேறு.

ஆலோசனை கேட்க ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. நீதிபதி லோதா குழு 2016-இல் கிரிக்கெட் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கலாம் என்றது. முழுத் தடையே விரும்பத்தக்கது, அது நடைமுறையில் இயலாது என்றால் ஆதாருடன் இணைத்து ஒழுங்குபடுத்தலாம் என்று சட்ட ஆணையம் 2018 ஜூலையில் தனது 276-ஆவது அறிக்கையில் கூறியது. ஆணைய உறுப்பினர் எஸ். சிவகுமார் அதிலிருந்து மாறுபட்டுத் தனிக் குறிப்பே எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் சசி தரூர் தனிநபர் மசோதா ஒன்றையும் கொண்டுவந்தார். 2025 மசோதா நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டிருந்தால், இவையெல்லாம் மேசை மீது வந்திருக்கும்.

புதிய சட்டத்தை எதிர்த்து கர்நாடகம், தில்லி, மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்ட மனுக்களை 2025 செப்டம்பர் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தன்னிடமே மாற்றிக்கொண்டது. திறமை ஆட்டம் சூதாட்டம் ஆகாது என்று அதே நீதிமன்றம் ஏற்கெனவே கூறியுள்ளதே மனுதாரர்களின் முக்கிய ஆயுதம். அந்த வரிசையில் உள்ள தீர்ப்புகளுள் ஒன்று சென்னையிலிருந்து போன வழக்கில், 1996-ஆம் ஆண்டு வழங்கப்பட்டது. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்றது அது. பந்தய உடன்படிக்கைகள் செல்லாது என்று கூறும் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 30-ஆவது பிரிவிலும், குதிரைப் பந்தய வெற்றியாளருக்கான 500 ரூபாய்க்குக் குறையாத பரிசுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஆட்சி மாறி, அரசமைப்பு மாறி, ரூபாயின் மதிப்பும் மாறிய பிறகும் அந்தத் தொகையை யாரும் திருத்தவில்லை.